நாற்பது கஜம் செம்புக் கம்பி

அந்தமானில் மின்னி பே என்கிற கடலோரத்தில் எங்களுக்குக் கிடைத்த வாடகை வீடு வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியது. தரையிலிருந்து மூன்றடி உயரத்தில், படாக் மரத் தூண்கள்மேல் பலகைச் சுவர் எழுப்பித் தகரக் கூரை போட்டிருந்தார்கள். முன்னால் கடல். பின்னால் காடு மூடிய மேடு. 1966 ஜூன் மாதம், மழை விடாமல் கொட்டிய ஒரு பகலில் நானும் என் மனைவி விசாலாட்சியும் அங்கே குடி போனோம். கதவைத் திறந்ததும் ஊறிய மரத்தின் வாடையும், யாரோ எப்போதோ காயவைத்த கருவாட்டின் வாடையும் ஒன்றாக வந்து முகத்தில் மோதின.

சாமான்களை இறக்கியதும் முதல் வேலையாக ரேடியோவைப் பிரித்து மேஜைமேல் வைத்தேன். அந்தப் பக்கம் கரண்டு கிடையாது. பேட்டரியில் ஓடுகிற பெரிய மரப்பெட்டி ரேடியோ. சென்னைக் கப்பலில் வந்த ஒருவரிடம் சொல்லி வாங்கியது. விசாலாட்சிக்காகத்தான் வாங்கினேன். அதற்கு இரண்டு மாதம் முன்பு, பிறந்து எட்டே நாளான எங்கள் குழந்தை ஆஸ்பத்திரியில் இறந்துபோயிருந்தது. அழுது முடித்தவள் பிறகு பேசுவதையே விட்டுவிட்டாள். எதைக் கேட்டாலும் "ம்" என்பாள், இல்லாவிட்டால் "வேண்டாம்" என்பாள். கல்யாணமாகி வந்த புதிதில் அம்மி அரைக்கும்போதுகூடப் பாடிக்கொண்டே இருந்த பெண் அவள்.

ரேடியோவைத் திருகினேன். அப்பளம் பொரிகிற மாதிரி ஓர் இரைச்சல் வந்தது. அதற்குள் எங்கோ ஒரு தமிழ்ப் பாட்டு, கிணற்றடியிலிருந்து யாரோ பாடுவதுபோல. விசாலாட்சி தலையை நிமிர்த்திக் கேட்டாள். அடுத்த நொடி பாட்டு இரைச்சலில் மூழ்கிப் போனது. அவள் தலையும் கவிழ்ந்துவிட்டது.

நான் அப்போது ஃபீனிக்ஸ் பேயில் ஒரு தனியார் கப்பல் ஏஜென்சியில் ஸ்டோர் கீப்பர். ஜெகநாதன் என்ற பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் நான் ஸ்டோர் பாபு. எங்கள் ஏஜென்சியின் 'சம்பா' என்ற லாஞ்ச் கார் நிகோபார் போய்க் கொப்பரை ஏற்றி வரும். அதில் வயர்லெஸ் ஆபரேட்டராக இருந்தவன் மத்தியாஸ். தூத்துக்குடிக் கடற்கரைக்காரன். துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில் மனைவி சூசைமேரியோடு குடியிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்து ரேடியோவைப் பார்த்தான்.

"ரேடியோவுல ஒரு குறையும் இல்ல அண்ணாச்சி. தகரக் கூரைக்கு அடியில வச்சிருக்கிய, பின்னால மேடு வேற மறைக்கி. பாட்டு எப்படி உள்ள வரும்? வெளிய ரெண்டு கம்பு நட்டு, உசரத்துல ஏரியல் கட்டணும். நல்ல செம்புக் கம்பி, ஏழு இழை முறுக்குனது, நாப்பது கஜம் வேணும்."

"இங்க எங்க கிடைக்கும்?"

"இங்க கிடைக்காது. அடுத்த கப்பல்ல சென்னையில இருந்து நான் வரவழைச்சுத் தாரேன். அதுவரைக்கும் பொறுங்க."

அடுத்த கப்பல் பழுதென்று ஒரு மாதம் தள்ளிப் போனது. அந்த மாதத்தில் ஒரு நாள் நான் வேலையிலிருந்து திரும்பியபோது, விசாலாட்சி அணைந்த அடுப்பின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். காலையில் நான் விட்டுப் போன இடத்தில், விட்டுப் போனபடியே.

மறுநாள் நான் அதைச் செய்தேன்.

'சம்பா'வின் அவசரப் பெட்டி அப்போது என் ஸ்டோரில் இருந்தது. கடலில் ஏரியல் அறுந்தால் மாற்றிக் கட்டுவதற்காக அதில் எப்போதும் ஒரு சுருள் கம்பி இருக்கும். நாற்பது கஜத்துக்குக் கூடவே இருக்கும். ஏழு இழைச் செம்பு. நான் சுருளை எடுத்துக்கொண்டு, எடை குறைந்தது தெரியாதபடி, பெட்டிக்குள் பழைய கயிற்றைச் சுற்றி வைத்தேன். மூடி, அரக்கு முத்திரையும் போட்டேன். சென்னைக் கம்பி வந்ததும் மாற்றி வைத்துவிடலாம், பத்து நாள் காரியம்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

வீட்டுக்கு முன்னால் ஒரு மூங்கிலும் பின்மேட்டில் ஒரு மூங்கிலும் நட்டு, பீங்கான் குமிழ்கள் வைத்துக் கம்பியை இழுத்துக் கட்டினேன். மாலை ஐந்து மணிக்கெல்லாம் தீவில் இருட்டத் தொடங்கிவிடும். அந்த நேரத்தில் ரேடியோவைத் திருகினேன். பாட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்ததுபோல் இருந்தது. வயலின்காரர் வில்லை இழுக்கும் உரசல்கூடக் கேட்டது.

விசாலாட்சி எழுந்து வந்து ரேடியோவின்மேல் கையை வைத்தாள். "இது நம்ம ரேடியோதானா?" என்றாள். ஐந்து மாதத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் முழு வாக்கியம் அது. நான்காம் நாள் ஒரு நாடகத்தைக் கேட்டுச் சத்தமாகச் சிரித்தாள்.

சென்னைக் கப்பல் இன்னும் வந்தபாடில்லை. அக்டோபர் கடைசியில் 'சம்பா' புறப்பட்ட அன்று மத்தியாஸ் படகுத்துறையில் என்னைப் பிடித்துக்கொண்டான்.

"ரேடியோ நல்லா கேக்குதாமே? கம்பி எங்க கிடைச்சுது?"

"சாத்தம் பக்கம் ஒரு ஆள் குடுத்தான்."

"மதினி சிரிச்சாவளா?"

"சிரிச்சா."

அவன் முகம் மலர்ந்துபோனது. லாஞ்சில் கால் வைத்தவன் திரும்பிக் கேட்டான். "அவசரப் பெட்டியில கம்பி இருக்குல்லா அண்ணாச்சி? முத்திரை போட்டிருக்கு, நான் திறந்து பாக்கல."

கயிறு அவிழ்க்க இன்னும் கால் மணி நேரம் இருந்தது. என் ஸ்டோரில் வேறு கம்பி இல்லைதான். ஆனால் வீட்டுக்கு ஓடியிருக்கலாம். அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எதுவும் செய்யாமல் ஒரே வார்த்தை சொன்னேன்.

"இருக்கு."

மூன்றாம் நாள் மாலை புயல் காற்று எழும்பியது. மூங்கில்கள் வளைந்து, ஏரியல் கம்பி காற்றில் ரீங்காரமிட்டது. உள்ளே ரேடியோவில் விசாலாட்சிக்குப் பிடித்த பாட்டு. அதன் அடியில் டிக், டிக் என்று ஏதோ தட்டுவதுபோல் கேட்டது. மின்னல் செய்கிற தொந்தரவு என்று நினைத்தேன்.

பாட்டு மறையாமல் இருக்க, சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

'சம்பா' திரும்பவில்லை. ஒன்பது பேரில் மூன்று பேரை, ஆறு நாள் கழித்து லிட்டில் அந்தமான் கரையிலிருந்து கொண்டுவந்தார்கள். அவர்களில் என்ஜின் அறையில் வேலை செய்த பன்னீர்செல்வத்தை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். உப்பில் வெடித்த உதட்டோடு படுத்திருந்தான்.

"மாஸ்ட் டூட் கயா, ஸ்டோர் பாபு. கம்பம் முறிஞ்சு ஏரியல் போச்சு. என்ஜினும் பந்த். மத்தியாஸ் பாய் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, 'கவலப்படாதீய, பெட்டியில வேற இருக்கு'ன்னு. தொறந்தா..." அவன் என்னைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தான். "தொறந்தா அந்தர் ஸிர்ஃப் ரஸ்ஸி. பழைய கயிறு. அதக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் சும்மா இருந்தாரு. அப்புறம் போய் உக்காந்து தந்தி அடிக்க ஆரம்பிச்சாரு. ஏரியலே இல்ல பாபு, எங்க போகும்? தண்ணி இடுப்புக்கு வர்ற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருந்தாரு."

"எத்தனை மணிக்கு?"

"இருட்டுற நேரம். அஞ்சரை இருக்கும்."

அன்று நான் வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று நினைவில்லை. விசாலாட்சி விளக்கேற்றி வைத்துவிட்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"இங்கேருங்க, ஒரு வாரமா இது என்னமோ கொட்டுது. எந்த ஸ்டேஷன் வச்சாலும் கொட்டுது" என்றாள்.

நான் முள்ளைத் திருகினேன். சீனப் பேச்சு வந்தது. அதன் அடியிலும் டிக், டிக். செய்தி வாசிப்பு வந்தது. அதன் அடியிலும்.

ரேடியோவை நிறுத்தினேன்.

செய்தி நின்றது.

தட்டுவது நிற்கவில்லை.

பேட்டரி ஒயரைப் பிடுங்கினேன். உள்ளே வால்வுகளின் சிவப்பு மங்கி அணைந்தது. செத்த பெட்டிக்குள்ளிருந்து, நிதானமாக, விட்டு விட்டு, அந்தச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. ஜன்னல் வழியாக உள்ளே இறங்கும் கம்பியைத் தொட்டேன். ஈரமாக இருந்தது. வெளியே மழை இல்லை. விரலை நாக்கில் வைத்துப் பார்த்தேன்.

உப்பு.

கம்பியை அறுத்துவிட வேண்டும் என்று அரிவாளை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். மூங்கிலடியில் நின்றேன். கை எழவில்லை. இருக்கு என்று சொன்னவன் நான். மத்தியாஸ் கம்பியைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது அதை அறுக்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

நான்கு நாள் கழித்து, மாலை நாலு மணி ஃபெரியில் சாத்தம் வந்து இறங்கி, அங்கிருந்து நடந்தே எங்கள் வீட்டுக்கு வந்தாள் சூசைமேரி. கறுப்புச் சேலை கட்டவில்லை. மத்தியாஸின் உடல் கிடைக்காததால் அவள் இன்னும் தாலியைக் கழற்றவுமில்லை.

"உங்க வீட்டு ரேடியோதான் இந்தப் பக்கத்துலயே நல்லா கேக்கும்னு அவிய சொல்லுவாவ" என்றாள். "வேற தீவுல ஒதுங்கினவிய பேரைச் செய்தியில சொல்லுவாவன்னு ஒருத்தர் சொன்னாரு. கொஞ்சம் கேட்டுட்டுப் போறேன் அண்ணாச்சி."

வேண்டாம் என்று நான் சொல்வதற்குள் விசாலாட்சி அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். வெளியே கடலின் நிறம் போய்க்கொண்டிருந்தது. நான் பேட்டரி ஒயரை மாட்டி ரேடியோவைத் திருகினேன்.

செய்தி தொடங்கியது. தட்டுவதும் தொடங்கியது.

சூசைமேரி தலையைச் சாய்த்தாள். அவள் வலது கை மெல்ல இடது உள்ளங்கைமேல் போனது. சுண்டுவிரலால் அதே தாளத்தில் தட்ட ஆரம்பித்தாள்.

"அவியதான்" என்று கிசுகிசுத்தாள்.

"மத்தியாஸா?" என்றாள் விசாலாட்சி.

"கல்யாணமான புதுசுல என் கையில தட்டித் தட்டி இந்தத் தந்தி எழுத்தெல்லாம் சொல்லித் தந்தாவ. அவிய கை எனக்குத் தெரியாதா?" கண்ணை மூடினாள். "நீளமா ஒண்ணு, குட்டையா மூணு. அது பி. நீளமா மூணு. ஓ. அடுத்து நீளம், குட்டை ரெண்டு, நீளம். எக்ஸ்."

மறுபடி கேட்டாள். மறுபடியும் அதே மூன்று எழுத்து.

"பாக்ஸ்" என்றாள். "பாக்ஸ், பாக்ஸ்னே அடிக்காவ." கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "எந்தப் பெட்டி அண்ணாச்சி?"

செய்தி வாசிப்பவர் எதையோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். கம்பி, கயிறு, அரக்கு, படகுத்துறையில் சொன்ன பொய். புயலன்று சத்தத்தைக் கூட்டி வைத்ததைக் கடைசியாகச் சொன்னேன்.

விசாலாட்சி ரேடியோவிலிருந்து விலகிச் சுவரோரமாகப் போனாள். "அப்ப நான் சிரிச்சது..." என்று ஆரம்பித்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சூசைமேரி அழுவாள், என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் எழுந்து ஜன்னலருகே போய், ஈரமாக இருந்த கம்பியை விரலால் தடவினாள்.

"இதக் கழட்டாதீய" என்றாள்.

"இப்பவே அறுத்துடுறேன் தாயி..."

"கழட்டக் கூடாதுன்னு சொல்லுதேன். அவிய பேச எனக்கு இந்தக் கம்பி ஒண்ணுதான் இருக்கு. நாளைக்கும் வருவேன்."

வந்தாள். ஒவ்வொரு நாளும் நாலு மணி ஃபெரியில் வந்து, இருட்டும் வரை கேட்டுவிட்டு, கடைசி ஃபெரியில் பாம்பூஃப்ளாட் திரும்பினாள். ஒரு நோட்டில் எழுத்துகளைக் குறித்துக்கொண்டாள். என்ன எழுதுகிறாள் என்று எனக்குக் காட்டவில்லை. விசாலாட்சி அவளுக்கு டீ போட்டுக் கொடுத்துவிட்டு அவள் காலடியில் உட்கார்ந்துகொள்வாள். என்னிடம் இரண்டு பேரும் பேசுவதில்லை.

இரண்டாம் வாரம் தட்டுவது மங்கத் தொடங்கியது. சூசைமேரி காதை ரேடியோவின் துணித்திரையில் ஒட்டி வைத்துக் கேட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சரியா கேக்கல. நல்லா கேக்கும்படிச் செய்யுங்க."

அன்றிலிருந்து அதுதான் என் வேலை. மூங்கில்களைப் பிடுங்கிவிட்டு உயரமான இரண்டு மரக்கம்புகள் நட்டேன். கம்பியைக் கூரையிலிருந்து இன்னும் ஆறடி உயர்த்தினேன். மேட்டிலிருந்த மரக்கிளைகளை வெட்டினேன். ரேடியோவின் எர்த் ஒயருக்காக வீட்டுக்கு அடியில் ஆழமாகக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுச் செம்புத் தகடு புதைத்து, தினமும் நாலு வாளி தண்ணீர் ஊற்றினேன். ஒரு நாள் கம்பி கட்ட ஏறி, தகரத்தில் கால் வழுக்கி விழுந்து முழங்கை உடைந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு மறுநாளும் ஏறினேன். என் மனைவி சிரிக்க வேண்டும் என்று திருடிய கம்பி, இப்போது நான் கொன்றவன் பேச வேண்டும் என்று என்னை வேலை வாங்கியது.

ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தெளிந்தது. பிறகு மறுபடி மங்கியது. கம்பியில் வழிந்த தண்ணீர் பலகையில் வெள்ளையாகப் பூத்து நின்றது. வீடு முழுக்கக் கடலடிச் சேற்று வாடை.

இருபத்து மூன்றாம் நாள் மாலை சூசைமேரி வெகுநேரம் எழுதினாள். பென்சில் நின்றது. தட்டுவதும் நின்றது. ரேடியோவில் வெறும் பாட்டு மட்டும், அடியில் எதுவும் இல்லாமல் ஓடியது.

அவள் நோட்டை மூடி மடியில் வைத்தாள். தாலியைக் கழற்றி அதன்மேல் வைத்தாள்.

"சொல்லி முடிச்சிட்டாவ" என்றாள்.

எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "என்னைப் பத்தி ஏதாச்சும்..."

"உங்களப் பத்தி ஒண்ணுமே சொல்லல அண்ணாச்சி." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. "நாளைக்குக் கம்பியக் கழட்டி உங்க ஆபீசுக்குக் கொண்டுபோங்க. எங்கிட்ட சொன்னத அங்கயும் சொல்லுங்க. மத்த அஞ்சு பேரு வீட்டுக்கும் தெரியணும்லா?"

மறுநாள் அப்படியே செய்தேன். சுருட்டிய கம்பியை மேலாளரின் மேஜைமேல் வைத்து, எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். விசாரணை நாலு மாதம் நடந்தது. அந்த நாலு மாதமும் இறந்தவர்களின் வீட்டார் என்னைப் பார்த்தால் தெருவின் மறுபக்கம் போனார்கள். கடைசியில் வேலை போனது. செய்தி கிடைத்திருந்தாலும் அந்தப் புயலில் எந்தக் கப்பலும் போய்ச் சேர்ந்திருக்காது என்று அறிக்கையில் எழுதினார்கள். அதைப் படித்து எனக்கு ஆறுதல் வரவில்லை. கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அவன் சும்மா உட்கார்ந்திருந்த நேரத்தைப் பற்றி அந்த அறிக்கையில் ஒரு வரியும் இல்லை. சூசைமேரி அடுத்த கப்பலில் ஊருக்குப் போய்விட்டாள். வழியனுப்பப் போன விசாலாட்சியை அவள் கட்டிப்பிடித்து அழுததாகக் கேள்விப்பட்டேன்.

கம்பியைக் கழற்றிய அன்று மாலை நாங்கள் இரண்டு பேரும் விளக்கைக்கூட ஏற்றாமல் உட்கார்ந்திருந்தோம். ரேடியோவை எடுத்துக் கட்டி வைத்திருந்தேன். வெளியே அலை ஓசை மட்டும்.

அஞ்சரை மணி இருக்கும்.

தலைக்கு மேலே தகரம் 'டம்' என்றது.

விசாலாட்சி என் கையைப் பிடித்தாள். அத்தனை வாரம் கழித்து அவள் என்னைத் தொட்டது அப்போதுதான்.

இன்னொரு 'டம்'. ஓர் ஆளின் எடை. ஈரக் கால் தகரத்தில் ஒட்டி விடுபடுகிற சத்தம். முன்புறத்திலிருந்து பின்புறத்துக்கு, அவசரமில்லாமல், எதையோ தடவித் தேடுவதுபோல் நடந்தது. பின்மேட்டுக் கம்பம் இருக்கும் பக்கத்து மூலையில் நின்றது. திரும்பி முன்னால் வந்தது. மறுபடி பின்னால் போனது.

"கம்பியத் தேடுதாரு" என்றாள் விசாலாட்சி, காதுக்குள்.

நான் விளக்கை ஏற்றிக்கொண்டு வெளியே ஓடினேன். கூரையில் யாரும் இல்லை. காற்றே இல்லை. கம்பங்கள் அசையாமல் நின்றன. உள்ளே வந்தேன். என் கட்டிலுக்கு நேர் மேலே தகரம் மெல்ல நெளிந்து, யாரோ குந்தி உட்காருவதுபோல் முனகியது.

அதன்பின் சத்தமே இல்லை.

இது நடந்து எட்டு வருஷமாகிறது. நான் இப்போது ஒரு மரக்கிடங்கில் வேலை பார்க்கிறேன். வேறு வீட்டுக்குப் போகலாம் என்று ஒரே ஒரு முறை கேட்டேன், அவர் தேடி வந்த வீடு இது என்று விசாலாட்சி மறுத்துவிட்டாள். அதுவும் நியாயம்தான். தினமும் இருட்டும்போது நாங்கள் பேச்சை நிறுத்திவிட்டு மேலே பார்க்கிறோம். சில நாள் தகரம் லேசாக முனகும். சில நாள் அதுவும் இல்லை.

ஏறி வந்தவன் இறங்கிப் போன சத்தத்தை மட்டும் நாங்கள் இன்றுவரை கேட்கவில்லை.